நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள்!

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று என்னை வீட்டில் கேலி செய்கிறார்கள். கடலூருக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த முடிச்சை நான் போடவில்லை. அது 1690-ம் ஆண்டிலேயே விழுந்த முடிச்சு.

தேவனாம்பட்டினம் கடற்கரை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போகிறோம். குழந்தைகள் அலையில் கால் நனைக்கிறார்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கோட்டையின் இடிபாடு கிடக்கிறது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளியது போக மிச்சம். அதுதான் செயிண்ட் டேவிட் கோட்டை.

மராட்டியர் வசம் இருந்த அந்தக் கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது செஞ்சியில் இருந்து ஆண்டவர் சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம். விலை பேசும்போது ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது. குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு! கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். கடலூரும் அதில் அகப்பட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. ஊரில் குடியிருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பிறந்தது அமெரிக்காவில், பாஸ்டன் நகரில். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கவர்னர் ஆனார். பணம் சேர்த்தார். சேர்த்த விதம் சரியில்லை என்று புகார் கிளம்பி, 1692-ல் பதவி போயிற்று. ஆனால் பணம் போகவில்லை.

1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரி, கட்டடம் கட்டப் பணமில்லாமல் தவித்தது. யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், இங்கிலாந்து மன்னரின் படம் ஒன்றும் அனுப்பி வைத்தார். சரக்கில் பெரும்பகுதி துணிமணி. அது 562 பவுண்டுக்கு விலை போயிற்று. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் யேல் பல்கலைக் கழகம் அதுதான். அமெரிக்க ஜனாதிபதிகளில் ஐந்து பேர் அங்கே படித்தவர்கள்.

நம்முடைய கரையில் வியாபாரம் செய்து சேர்த்த பணம் எங்கோ ஒரு நாட்டில் புத்தகமாக மாறிற்று என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். யேல் கவர்னராக இருந்த நாளிலும் அது நடந்தது. அவருடைய உருவப் படம் ஒன்றில், கழுத்தில் வளையம் மாட்டிய ஒரு கறுப்புச் சிறுவன் நிற்கிறான். 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக் கழகம், அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பத்திரிகைக்காரன் பார்க்காமல் இருக்க முடியுமா?

பந்து வந்த வழி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், வெயில் தாழ்ந்த பிறகு ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்கள் வரும். வழியில் ஊருக்கு ஊர் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் வலை கட்டியிருக்கும். கைலியை மடித்துக் கட்டிய இளைஞர்கள் பந்தை எகிறி அடித்துக்கொண்டிருப்பார்கள். கைப்பந்து என்று நாங்கள் பத்திரிகையில் எழுதுகிறோம். மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாலிபால்தான்.

இந்த ஆட்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஒரு நகரம். 1891-ல் அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பீச் பழம் வைக்கும் கூடை இரண்டை உயரமாகக் கட்டினார். பந்து கூடையில் விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும்! கூடையின் அடியைத் திறந்துவிடலாமே என்ற யோசனை பிறகுதான் வந்தது. நான்கு வருஷம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில், வில்லியம் மார்கன் என்பவர், "கூடைப்பந்து முரட்டு ஆட்டமாக இருக்கிறது. வேலை முடிந்து வரும் நடுவயதுக்காரர்கள் மேலே விழுந்து இடிபடாமல் ஆட ஓர் ஆட்டம் வேண்டும்" என்று நினைத்தார். நடுவில் வலையைக் கட்டினார். இரண்டு பேரும் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் ஆசிரியர்கள்.

அதே சங்கத்தின் மூலம் 1919-ல் சென்னைக்கு வந்தார் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். மறு வருஷமே உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. அவரிடம் பயின்றவர்கள், கழுத்தில் ஊதலை மாட்டிக்கொண்டு, நம் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். பந்தும் அவர்களோடு போயிற்று. பக் 1943-ல் காலமானார். அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. அந்தக் கல்லூரி வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வாலிபாலில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஆறு பேரும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு முன் வரிசை, நாளைக்கும் முன் வரிசை என்று யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. வந்த பந்தை அடுத்தவன் கைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும்.

இப்போது எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். கடலூர் பக்கத்துக் கிராமம். பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் இதைப் படித்துவிட்டு, "இது எங்கள் ஊர்தான்" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் வலை ஒன்று. ஊரில் வலை இரண்டு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர் வலை. அந்தப் பக்கம் காலனி வலை. பள்ளிக்கூட அணியில் எனக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிறவன் அந்தப் பக்கத்துப் பையன். அவன் தூக்கினால் பந்து என் கைக்கு நேராக வந்து நிற்கும். நான் அடிப்பேன். கைதட்டல் எனக்கு. அவன் சிரித்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகிவிடுவான். மணி நாலரை ஆனால் இரண்டு பேரும் ஒரே பாதையில் நடந்து வருவோம். வாய்க்கால் வந்ததும் பிரிந்துவிடுவோம். சாயங்காலம் அவன் அவனுடைய வலையில், நான் என்னுடைய வலையில்.

"அவனையும் கூப்பிடட்டுமா?" என்று ஒரு நாள் அப்பாவைக் கேட்டேன். அப்பா கெட்டவர் அல்ல. கோபப்படவும் இல்லை. "அதையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்கப்பா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு பொங்கல் சமயம். மறுநாள் வெளியூர் அணியோடு பந்தயம். எங்கள் பந்து வெடித்துவிட்டது. கடைக்குப் போய்வர நேரமில்லை. ஆள் அனுப்பி, அந்தப் பக்கத்திலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல பந்து. பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களில் என் நண்பனும் இருந்தான். அவர்கள் வாய்க்கால் கரையோடு நின்று ஆட்டத்தைப் பார்த்தார்கள். நாங்கள் ஜெயித்தோம். அவர்கள் கை பட்ட பந்து எங்களுக்கு ஆயிற்று. அவர்கள்தான் ஆகவில்லை.

அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஏறிய புத்தகம்

பந்தை விட்டுப் புத்தகத்துக்கு வருவோம். இரண்டும் ஒரே கதைதான்.

எல்லாரும் படிக்க ஊர்ப் பணத்தில் ஒரு வாசகசாலை என்ற எண்ணத்தை அமெரிக்கா பெரிதாகப் பிடித்துக்கொண்டது. இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, அங்கே மட்டும் 1,679 பொது நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. கட்டடம் என் செலவு. நிலம் ஊர் கொடுக்க வேண்டும். நூலகத்தை நடத்த ஊர் மக்கள் வருஷா வருஷம் வரிப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நல்ல நிபந்தனை. தர்மத்துக்குக் கட்டிய சத்திரம் பாழாகும். வரி கொடுக்கிறவன் வந்து கேள்வி கேட்பான். (அவருடைய தொழிற்சாலைகளில் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை. "புத்தகம் சரி, படிக்க நேரம் எங்கே?" என்று தொழிலாளிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியும் நியாயம்தான்.)

நூலகத்துக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வது? மேரிலாண்டு மாநிலத்தில் மேரி டிட்காம் என்ற நூலகர் அம்மையார், 1905-ல் ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை அடுக்கிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். வண்டிக்குக் கறுப்பு வர்ணம். அதைக் கண்ட ஒரு குடியானவர், பிண வண்டி என்று நினைத்து, "இங்கே யாரும் சாகவில்லை, போ போ!" என்று விரட்டிவிட்டாராம். பிறகு கொஞ்சம் சிவப்பு வர்ணம் பூசினார்கள். 1910-ல் அந்த வண்டி ரயிலில் அடிபட்டு நொறுங்கிப்போயிற்று. அம்மையார் விடவில்லை. மோட்டார் வண்டி வாங்கினார்.

நம் பக்கத்திலும் வண்டி வந்தது. குதிரை வண்டி அல்ல, மாட்டு வண்டி. 1931-ல் மன்னார்குடி வட்டாரத்து ஊர்களுக்குப் புத்தகம் ஏற்றிச் சென்றது. அதற்குப் பின்னால் இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழிதான் அவருடைய ஊர். 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் போட்டார்கள். வேலையே இல்லாத வேலையாக இருக்கிறது, என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர் அவர்! லண்டன் போய்ப் பயின்று வந்த பிறகு, நூலகத்தை விட்டு அவரைப் பிரிக்க முடியவில்லை. அவருடைய முயற்சியால்தான் 1948-ல் சென்னைச் சட்டசபையில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் நூலகம் யாரும் கொடுத்த தானம் அல்ல. நீங்கள் காசு கொடுத்து நடத்துவது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்டு கட்சி அலுவலகத்தில் தங்கி, படித்தும் பெரியவர்கள் பேச்சைக் கேட்டும் வளர்ந்தார். ஞானபீடப் பரிசு வரை போனார். உட்காரவும் படிக்கவும் ஓர் இடம் கிடைத்தால் போதும். பையன் எங்கே போவான் என்று யாரால் சொல்ல முடியும்?

நின்றுகொண்டு படி!

அமெரிக்காவின் பெருமையைச் சொன்னேன். இனி மற்றதையும் சொல்லவேண்டும்.

எல்லாருக்கும் பொது என்று அவர்கள் சொன்னபோது, தென் மாநிலங்களில் அந்த "எல்லாரில்" கறுப்பர்கள் இல்லை. அவர்களும் வரி கட்டினார்கள். ஆனால் நகரத்தின் பெரிய நூலகத்தில் அவர்களுக்கு இடமில்லை. தனியாகச் சின்னதாக ஒன்று இருக்கும். பல ஊர்களில் அதுவும் இராது.

1960. தெற்குக் கரோலினா மாநிலம், கிரீன்வில் நகரம். கல்லூரி விடுமுறைக்கு வந்த பதினெட்டு வயது மாணவர் ஒருவருக்குப் பாடத்துக்காக ஒரு புத்தகம் தேவைப்பட்டது. கறுப்பர் நூலகத்தில் அது இல்லை. பெரிய நூலகத்திலிருந்து வரவழைக்க ஆறு நாள் ஆகும் என்றார்கள். அந்த வருஷம் ஜூலை மாதம் அவரும் ஏழு பேரும் பெரிய நூலகத்துக்குள் போய், அமைதியாக உட்கார்ந்து படித்தார்கள். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. போலீசார் வந்து கைது செய்தார்கள். படித்ததற்காகக் கைது! அந்த மாணவர் ஜெஸ்ஸி ஜாக்சன். 1984-லும் 1988-லும் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்குத் தம் கட்சிக்குள் போட்டியிட்டவர். நகரசபை என்ன செய்தது தெரியுமா? கறுப்பரைச் சேர்ப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று நூலகங்களையே மூடியது. சில நாள்தான் தாங்கிற்று. பிறகு எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊர். அங்கேயும் அதே வருஷம் அதே தகராறு. கோர்ட்டு உத்தரவு போட்டது, நூலகத்தை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். கறுப்பரும் வரலாம் என்றார்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மேஜைகளைக் காணோம். நாற்காலிகளைக் காணோம். எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். புத்தகம் எடுக்கலாம். நின்றுகொண்டு புரட்டலாம். ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காரக் கூடாது. அதற்காக வெள்ளையரும் சேர்ந்து நின்றார்கள்!

அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி நகரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நகரத்துப் பூங்காக்களை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற நிலை வந்ததும், 1959-ல் எல்லாப் பூங்காக்களையும் மூடியது. ஒரு பூங்காவில் இருந்த நீச்சல் குளத்தை மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். 1965-ல் பூங்காக்கள் திறந்தன. குளம் திறக்கவில்லை. தூர்த்த குளத்தில் வெள்ளைப் பிள்ளைகளும் நீந்த முடியாதே என்று அவர்கள் கவலைப்படவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் வாய்க்கால் நினைவு வந்தது. அந்தப் பொங்கல் கோப்பையின் படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. படத்தில் பந்து இருக்கிறது. பந்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

அமெரிக்காவில் இப்போது சண்டை வேறு விதம். ஆளைத் தடுக்க முடியாது, சட்டம் இருக்கிறது. ஆகவே புத்தகத்தைத் தடுக்கிறார்கள். 2021-லிருந்து பள்ளிக்கூட நூலகங்களிலிருந்து புத்தகங்களை எடுக்கச் சொல்லிப் பெற்றோர்களில் ஒரு சாரார் கிளம்பினார்கள். இன வேறுபாட்டைப் பற்றிய புத்தகங்கள், பாலுறவு பற்றிப் பேசும் புத்தகங்கள் இவைதான் அதிகம் மாட்டிக்கொண்டன. பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம் கணக்கெடுத்ததில், 2023-24 பள்ளி ஆண்டில் மட்டும் இப்படி எடுத்த சம்பவங்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

2025 மார்ச் 14-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். நூலகங்களுக்கும் காட்சிசாலைகளுக்கும் மத்திய சர்க்காரின் உதவிப் பணம் வழங்கும் நிறுவனத்தைக் கூடிய மட்டும் சுருக்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. அந்த நிறுவனத்தின் செலவு வருஷத்துக்கு 30 கோடி டாலருக்கும் குறைவு. அமெரிக்கக் கணக்கில் அது கடுகு. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. கோர்ட்டு தடை உத்தரவு பிறப்பித்தது.

அந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தச் சண்டை ஊர் அறிய நடக்கிறது. அநேக ஊர்களில் பள்ளி நிர்வாகக் குழுவை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழு கூடும்போது யாரும் போய்ப் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று கொடுப்பார்கள். ஒரு தாய் எழுந்து இந்தப் புத்தகம் கூடாது என்பார். அடுத்த தாய் எழுந்து என் பிள்ளைக்கு அது வேண்டும் என்பார். என் பிள்ளை இதைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு தாய்க்கு உரிமை உண்டு. ஊர்ப் பிள்ளை யாருமே படிக்க வேண்டாம் என்று சொன்னால், அது நாற்காலியை எடுக்கிற வேலைதான்.

அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, மறு வருஷமே குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாகச் சர்க்கார் அறிவித்ததே! ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதற்கு இந்த இடம்தானா? ஐகோர்ட்டு தடை போட்டது. நூலகம் தப்பியது.

பொது என்று பெயர் பெற்ற இடம்

சிதம்பரத்துக்குப் பழைய பெயர்கள் பல உண்டு. தில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நடராஜர் ஆடும் சபைக்கு மன்று என்றும், அம்பலம் என்றும், பொது என்றும் பழைய தமிழில் பெயர். ஊரார் கூடும் இடத்துக்கு என்ன பெயரோ, அதையே சாமி ஆடும் இடத்துக்கும் வைத்தார்கள். பொது! இதைவிட நல்ல பெயரை எந்த நாட்டுக்காரன் வைத்தான்?

ஆனால் அந்தப் பொதுவைப் பார்க்க நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிக் கிடந்தவர் நந்தனார். உள்ளே போக, நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று கதை சொல்கிறது. மற்ற பக்தர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். அவர் உடம்பையே கழற்றிவிட்டுப் போனார். ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1947 ஆயிற்று.

அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1916-ல், அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார் சுவாமி சகஜானந்தர். கதவு திறக்கிற வரையில் வாசலில் நின்றுகொண்டிராமல், தம் ஜனங்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். 1959-ல் மறைந்தார். பள்ளிக்கூடம் மறையவில்லை.

1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியால் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் வந்தது. நானும், பந்து தூக்கிக் கொடுத்த என் நண்பனும் அங்கேதான் படித்தோம். அவனுடைய பாடம் உடற்கல்வி. என்னுடையது சரித்திரம். அங்கே நூலகத்தில் நீள நீளமான மேஜைகள். முதல் வாரம் நான் ஒரு பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியை யாரோ இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவன்! இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஏன் சிரித்தோம் என்று அப்போது பேசிக்கொள்ளவில்லை. பத்து வருஷம் சேர்ந்து ஆடியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரே மேஜையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாவி யாரிடம்?

2006-ல் ஆரம்பித்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஊருக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டு மைதானம் என்று கட்டிக்கொண்டு போனார்கள். பந்தையும் புத்தகத்தையும் ஒரே திட்டத்தில் சேர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. எங்கள் ஊருக்கும் வந்தது. வாய்க்காலுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் சமமான தூரத்தில் கட்டினார்கள். கொஞ்ச நாள் திறந்திருந்தது. பிறகு பூட்டு. வருஷக்கணக்கில் பூட்டு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கட்டட நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். பத்திரிகையில் எழுதுகிறவன்தான்; ஆனாலும் ஒரு வரி எழுதியதில்லை.

என் நண்பன் இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊரில்தான் குடியிருக்கிறான். சென்ற குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. அமெரிக்காவில் பள்ளிக் குழுக் கூட்டத்தில் மூன்று நிமிஷம் கொடுக்கிறார்கள் என்றேனே, நம் கிராம சபையில் அந்தக் கணக்கும் கிடையாது. ஓட்டுரிமை உள்ள யாரும் எழுந்து பேசலாம். வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. நாம்தான் போவதில்லை. அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன். அவன் கூப்பிட்டான், போனேன்.

குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைக் கூலி என்று பேச்சு ஓடியது. கடைசியில் அவன் எழுந்தான்.

"நூலகத்துச் சாவி யாருகிட்ட இருக்குதுங்க?" என்று கேட்டான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவர் வீட்டில் என்றார்கள், அவர் வீட்டில் என்றார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "நம்ம வீட்டு ஆணியிலதாம்ப்பா தொங்குது. எதோட சாவின்னு தெரியாம மாட்டி வெச்சிருக்கேன்" என்றார். கூட்டம் சிரித்தது. பேரன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

திறந்தோம். தூசு. அலமாரிகளில் புத்தகங்கள் இருந்தன. கரையான் தொட்டது கொஞ்சம்தான். ஆனால் நடுக்கூடம் காலி. ஒரு நாற்காலிகூட இல்லை.

"நாற்காலிங்க எங்கே?"

"காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல்ல" என்றார் ஒருவர்.

எனக்கு டான்வில் ஊர் நினைவுக்கு வந்தது. நண்பனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அவனுங்க வேணும்னு எடுத்தாங்க. நம்ம ஆளுங்க மறந்துட்டாங்க. அது பரவாயில்லை, கேட்டா குடுத்துடுவாங்க" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "குடுப்பாங்களா?" என்று என்னையே கேட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டிலிருந்து இரண்டு பாய் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்று. அப்பாவேதான் எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலின் இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பெண் குழந்தைகள்தான் அதிகம். பாயில் உட்கார்ந்து, தூசு தட்டிய படக்கதைப் புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒரு சிறுமி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். இன்னொரு சிறுமி அவள் தோள் மேல் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

வாலிபால் வலை இன்னும் இரண்டுதான். அடுத்த கிராம சபை மார்ச் 22-ந் தேதி. நாற்காலிகளைப் பற்றியும் வலையைப் பற்றியும் நண்பன் மனு எழுதி வைத்திருக்கிறான். இந்தத் தடவை அதில் முதல் கையெழுத்து என்னுடையது.